கார் முன்கண்ணாடியில் கல் பட்டதா? ஆயிரத்துக்குள் முடியுமா, பத்தாயிரம் ஆகுமா?

ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். பார்த்தால் முன்கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. 'சின்னதுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நாலு நாள் கழித்து, மதியம் முழுக்க வெயிலில் நின்ற காரில் ஏறி ஏ.சி-யை முழு வேகத்தில் வைப்பார்கள். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கண்ணாடியின் பாதி தூரத்துக்கு ஓடியிருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் வேலையாக மாறுவது இப்படித்தான்.

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி எனும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. 'லாமினேட்டட்' கண்ணாடி என்பார்கள். கல் பட்டால் வெளித் தகடு மட்டும் அடிபடும். உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1903-ல் தற்செயலாகக் கண்டதுதான் இதன் தொடக்கம் என்பார்கள். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததாம். உள்ளே இருந்த ரசாயனம் காய்ந்து, படலமாகப் படிந்திருந்ததே காரணம்.

பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் வேறு ரகம். பெரும்பாலான கார்களில் அவை 'டஃபன்டு' கண்ணாடி. உடைந்தால் கல்கண்டு போல மொத்தமாக உதிர்ந்துவிடும். அதில் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். சின்ன காரின் கதவுக் கண்ணாடிக்குச் சுமார் 1,500 ரூபாயில் இருந்து 3,500 ரூபாய் வரை ஆகலாம். பின்கண்ணாடியில் பனியை விரட்டும் டீஃபாகர் கம்பிகள் இருந்தால் விலை கூடும்.

ஆக, ரிப்பேர் செய்ய முடிவது முன்கண்ணாடியை மட்டும்தான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அடிபட்ட இடம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருக்கக் கூடாது. ரிப்பேர் செய்த இடத்தில் லேசான தழும்பு தெரியும், இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். கண்ணாடியின் ஓரத்திலும் இருக்கக் கூடாது, ஓரத்து விரிசல் நிற்காமல் ஓடும். உள் தகடு வரை அடிபட்டிருந்தாலும் மாற்றுவதுதான் வழி.

இதெல்லாம் சரியாக இருந்தால் வேலை அரை மணி நேரம்தான். அடிபட்ட குழியில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற பிசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைப்பார்கள். ஒரு புள்ளிக்குச் சுமார் 500 ரூபாயில் இருந்து 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். குழிக்குள் தூசியோ தண்ணீரோ போய்விட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது. அதனால் கல் பட்டவுடன் அந்த இடத்தில் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டிவிட வேண்டும். கடைக்குப் போகும்வரை வாட்டர் வாஷ் வேண்டாம், ஏ.சி காற்றை நேராகக் கண்ணாடிக்குத் திருப்பவும் வேண்டாம். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்?

சாதாரண ஹேட்ச்பேக் கார்களுக்கு, பொருத்தும் கூலியோடு சுமார் 4,000 முதல் 8,000 ரூபாய் வரை ஆகும். மழை சென்சார் போன்ற வசதிகள் உள்ள எஸ்.யு.வி-களுக்கு 10,000, 20,000 என்று போகும். சொகுசு கார் என்றால் லட்சத்தைத் தொடுவதும் உண்டு. புது கார்களில் இன்னொரு செலவு சேர்ந்திருக்கிறது. முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானாக பிரேக் போடும் 'அடாஸ்' வசதிக்கான கேமரா, முன்கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். அதை மிச்சம் பிடித்தால் கேமரா தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

'ஒரிஜினலா, லோக்கலா?' என்பதுதான் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. கார் கம்பெனிகள் பொதுவாகக் கண்ணாடியைத் தாங்களே தயாரிப்பதில்லை. ஆசாஹி இந்தியா, செயின்ட் கோபைன் செக்யூரிட் போன்ற நிறுவனங்களிடம்தான் வாங்குகின்றன. அதே நிறுவனங்களின் கண்ணாடி, கார் கம்பெனியின் லோகோ இல்லாமல் வெளிச்சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கண்ணாடியின் கீழ் மூலையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும், ஐ.எஸ் 2553 என்ற எண்ணும், லாமினேட்டட் என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். கதவுக் கண்ணாடிக்கு அது பரவாயில்லை. முன்கண்ணாடிக்கு வேண்டாம். ஒருமுறை அறுத்து எடுத்த கண்ணாடியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அடி இருக்கக்கூடும்.

கண்ணாடியைவிடவும் முக்கியம் ஒட்டும் பசை. அம்பாசடர் காலத்தில் ரப்பர் பீடிங்கில் செருகி வைத்தார்கள். இன்றைய கார்களில் பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டுகிறார்கள். கார் குட்டிக்கரணம் அடித்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் முன்கண்ணாடிக்கும் பங்கு உண்டு. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக், பல கார்களில் கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்பும். பசை காயாத கண்ணாடி அந்த வேகத்தில் பெயர்ந்துவிடலாம். எனவே, 'எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம்?' என்று கடைக்காரரிடம் கேட்டு, அதுவரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் கதவை அறைந்து சாத்தக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பது நல்லது.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் ஒரு பைசாவும் வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் வரும். பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவிகிதம் கழிப்பதுபோல் கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. 'ஜீரோ டெப்' எடுக்காதவர்களுக்கும் இது பொருந்தும். 1,500 சி.சி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம் மட்டும் உண்டு.

ஆனால், வருகிறதே என்று கை நீட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். க்ளெய்ம் செய்தால் 'நோ க்ளெய்ம் போனஸ்' பூஜ்ஜியமாகிவிடும். ஓர் உதாரணம். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய். மூன்று வருடம் க்ளெய்ம் இல்லாததால் இப்போது 35 சதவிகிதத் தள்ளுபடி. கண்ணாடிச் செலவு 6,500 ரூபாய். க்ளெய்ம் செய்தால் கைக்கு வருவது 5,500. செய்யாவிட்டால் அடுத்த வருடம் 45 சதவிகிதம், அதாவது 3,600 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்கும், அது போய்விடும். அதற்கடுத்த வருடம் 50 சதவிகிதத்துக்குப் பதில் 20தான், 2,400 ரூபாய் நஷ்டம். மூன்றாவது வருடம் 25தான், இன்னொரு 2,000. மூன்றே வருடத்தில் 8,000 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் கொஞ்சம் தள்ளிக்கொண்டாலும், கைக்காசு போட்டு மாற்றுவதே லாபம்.

கண்ணாடியே 20,000, 30,000 என்றால் கணக்கு தலைகீழ். க்ளெய்ம் செய்வதே சரி. அந்த வருடம் ஏற்கெனவே வேறு க்ளெய்ம் செய்திருந்தாலும், போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி இருந்தாலும் தாராளமாகக் கேட்கலாம். சில நிறுவனங்கள் கண்ணாடிக்கு மட்டும் சலுகை தருகின்றன, போன் செய்து விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன பிறகுதான் கண்ணாடியில் கை வைக்க வேண்டும். மாற்றிவிட்டு பில்லோடு போனால் சிக்கல்.

புதுக் கண்ணாடி போட்ட சந்தோஷத்தில் பலர் மறப்பது ஃபாஸ்டேகை. பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் அது கிழிந்து செயலிழந்துவிடும். ஃபாஸ்டேக் தந்த வங்கியிடம் மாற்று டேக் கேட்டு வாங்கி, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். கையில் வைத்துக்கொண்டு காட்டினால் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.