துறைமுக நகரில் தனித்து ஒரு நாள்

உறவினர் வீட்டுக்கு வெளிநாடு செல்லும் எம்மவருக்கு ஒரு குறை உண்டு. காரில் ஏற்றுவர், காட்டுவர், மீண்டும் வீட்டில் இறக்குவர். ஊர் பார்த்து வந்தோம் என்று பெருமையாகச் சொல்வோமேயன்றி, எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பதை நாம் அறியோம். ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடுத்த பரமட்டாவில் எமது தங்கையின் இல்லத்திற் தங்கியிருந்தபோது, ஒரு நாளையேனும் எவர் துணையுமின்றிப் படகிலும் பஸ்ஸிலும் கழிப்பது என்று தீர்மானித்தோம்.

"அண்ணா, படகு மாறி ஏறிப்போடாதேங்கோ. ஏதும் தெரியாட்டி உடனே எனக்குக் கோல் எடுங்கோ" என்று தங்கை பன்முறை எச்சரித்து, இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தாள். நாற்பது மாணவரை ஒரே பஸ்ஸிற் சுற்றுலா அழைத்துச் சென்று திரும்பியவர் நாம் என்பதை அவள் மறந்துவிட்டாள் போலும்!

பரமட்டா என்னும் பெயர் அந்நிலத்தின் ஆதிக்குடிகள் வழங்கியது. விலாங்கு மீன்கள் வாழும் இடம் என்பது பொருள். அங்கிருந்து ஆற்றுவழியே நகருக்குப் படகு செல்கின்றது. முதலில் ஆறு ஒடுங்கியே இருக்கும். இருமருங்கும் கண்டல் மரங்கள். கண்ணை மூடித் திறந்தால் எமது களப்புக்கரை ஒன்றில் இருப்பதாகவே தோன்றும், குளிர் மட்டும் அன்று எனச் சொல்லும். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு அகன்று, குடாக்களாகக் கிளைத்து, துறைமுகமாகின்றது. 1932ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட பெரும் பாலத்தின் கீழாகப் படகு நுழைந்தபோது யாவரும் தலையை அண்ணாந்தனர். அதன் இரும்பு வளைவு 503 மீற்றர் அகலத்தை ஒரே தாவலிற் கடந்து நிற்கின்றது. அப்பால், வெண்சங்குகளை அடுக்கி வைத்தாற் போன்ற ஒப்பெரா மாளிகை. அதனை வரைந்த டென்மார்க் நாட்டுச் சிற்பி ஊற்சன், அரசினரோடு மனம் வேறுபட்டு 1966இல் நாடு திரும்பினார். 1973இல் மாளிகை திறக்கப்பட்டது. 2008இல் இறக்கும்வரை அவர் முடிவுற்ற தமது படைப்பை நேரிற் கண்டதேயில்லை. எமக்கு அம்மாளிகையின் அழகினும் இச்செய்தியே மனத்திற் தங்கிற்று.

சேர்க்கியுலர் கீ என்னும் இறங்குதுறையே இந்நகரின் படகுகளுக்கெல்லாம் தலைவாசல். பஸ்ஸும் புகைவண்டியும் படகும் அங்கே சந்திக்கின்றன. ஒரே அட்டையை மூன்றிலும் தொட்டுச் செல்லலாம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறித்த தொகைக்கு மேல் அறவிடார். எமது சட்டைப்பைக்கு ஏற்ற ஏற்பாடுதான்.

அங்கிருந்து நாம் ஏறியது வட்சன்ஸ் குடாவுக்குச் செல்லும் படகு. பெரும்பாலார் விரும்பிச் செல்லும் மான்லியை விடுத்து இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. முதல்நாள் மாலை அவ்வூர் நூலகத்தில் ஒரு பழைய செய்தியை வாசித்திருந்தோம். 1927ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், மாலை நாலேகால் மணியளவில், கிரேக்கிளிவ் என்னும் சிறு படகு இதே துறையிலிருந்து இதே குடாவுக்குப் புறப்பட்டது. பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் பலர் அதில் இருந்தனர். பிராட்லி முனைக்கு அப்பால் தஹீற்றி என்னும் பெருங்கப்பல் மோதிப் படகை இரண்டாகப் பிளந்தது. நாற்பது பேர் மாண்டனர். அன்று மாலை இக்கரையில் எத்தனை தாய்மார் படகுத்துறையில் நின்று காத்திருந்தனரோ!

அந்நீர்ப்பரப்பைக் கடக்கையிற் சுற்றிலும் நோக்கினோம். வெண்பாய் விரித்த சிறு வள்ளங்கள் விளையாடிக்கொண்டிருந்தன. கடலுக்கு நினைவு ஏது?

எமக்கு நினைவு இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தீவகப் பாடசாலை ஒன்றிற் படிப்பித்தோம். அயற்கரையிலிருந்து சில பிள்ளைகள் நாள்தோறும் கடல் கடந்து வருவர். கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், ஒரு சிறுமி முதற்பாடம் முடியும் தறுவாயில் வந்து வாயிலில் நின்றாள். காரணம் கேட்காமலே, வெளியே நில் என்றோம். அவள் ஒன்றும் பேசாது நின்றாள். பாவாடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதனை மழைநீர் என்று எண்ணினோம். நடுக்கடலில் இயந்திரம் நின்று, அலை அடித்து, பிள்ளைகள் கையாலே நீர் இறைத்துக் கரை சேர்ந்த கதையை இடைவேளையில் மற்றவர்கள் சொல்லியே அறிந்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு அன்று எமக்கு வரவில்லை. ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற எண்ணம்! 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியும்வரை மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் இறந்த செய்தி வந்தபோது, எமது கண்முன் நின்றவள் அச்சிறுமியே. பாதை என்று நாம் அழகாகப் பெயரிட்டிருக்கின்றோம். பாதை நடுவழியில் மூழ்குமா?

வட்சன்ஸ் குடாவில் இறங்கிச் சிறிது ஏறினால் மறுபுறம் பசிபிக் மாகடல். செங்குத்தான பாறையின் அடியில் அலை குமுறுகின்றது. 1857இல் டன்பார் என்னும் பாய்க்கப்பல் இரவு நேரத்தில் துறைமுக வாயிலைத் தவறவிட்டு இப்பாறைகளில் மோதியது. 121 பேர் இறந்தனர், ஒருவரே பிழைத்தார். அதற்கு மறு ஆண்டே முனையிற் புதிய வெளிச்சவீடு ஒன்றைக் கட்டினர். செங்கோடும் வெண்கோடும் தீட்டிய அச்சிறு விளக்கு இன்றும் நிற்கின்றது. இடியப்பத்தை அதனருகே அமர்ந்து உண்டோம். கடற்பறவை ஒன்று ஒரு தட்டைக் கேளாமலே எடுத்துச் சென்றது.

பின்பு பஸ். நடத்துநர் இல்லை, "பின்னுக்குப் போங்கோ" என்னும் குரலும் இல்லை. இறங்குவோர் ஒவ்வொருவரும் சாரதிக்கு நன்றி சொல்லி இறங்குகின்றனர். முதலில் எமக்கு இது மிகையாகத் தோன்றிற்று. மூன்றாம் தரிப்பிடத்திற் நாமும் சொல்லப் பழகிவிட்டோம். பொண்டாய்க் கடற்கரையைப் பற்றி எழுதாதவர் இல்லை. மணல் நன்று, தேநீர் விலை அதிகம். அங்கிருந்து 333ஆம் இலக்க பஸ் எம்மை மீண்டும் சேர்க்கியுலர் கீயிற் சேர்த்தபோது மணி நாலு.

வட்சன்ஸ் குடாப் படகு துறையில் நின்றது. சீருடை அணிந்த பிள்ளைகள், முதுகிற் பெரும் பைகளோடு, நெருக்கியும் நகைத்தும் ஏறிக்கொண்டிருந்தனர். எமது படகுக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. எனினும் கால் நகரவில்லை. ஏறுபலகையை இழுக்கப் படகு ஊழியர் கைவைத்த வேளையில், ஒரு பையன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட ஓடி வந்தான். ஊழியர் கையை எடுத்துக் காத்து நின்றார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பையன் ஏறியதும், குனிந்து கயிற்றைக் கட்டுமாறு விரலாற் காட்டி, அதன் பின்னரே பலகையை இழுத்தார்.

படகு ஒப்பெரா மாளிகையைச் சுற்றி மறையும்வரை பார்த்து நின்றோம். அதற்குள் பரமட்டாப் படகு போய்விட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், தங்கை மூன்று முறை அழைத்திருந்தாள்.