கல்லீரலில் குடியேறும் நாடாப்புழு



கென்யா தேசத்தின் வடமேற்கில் துர்க்கானா என்னும் வறண்ட பிரதேசம் உண்டு. ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைக்கும் அம்மக்களின் குடிசைகளில் நாய் வீட்டுப் பிள்ளைபோல வளருகிறது. குழந்தை மலங்கழித்தால் நக்கித் துடைப்பதும் நாய்தான். முகம் சுளிக்க வேண்டாம்; வெகுதூரம் நடந்து சுமந்துவரும் தண்ணீரைக் கழுவுவதற்குச் செலவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் இப்பழக்கம் 'ஹைடாடிட்' என்னும் நீர்க்கட்டி நோய்க்கு வழி திறந்துவிட்டது. 1983இல் அங்கே இதற்கென்றே தடுப்புத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று.

நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் நீளம் சில மில்லிமீட்டர்தான். அதன் முட்டை நம் வாய்வழியாய்க் குடலுக்குள் போய்ப் பொரிக்கிறது. வெளிவரும் கரு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பெரும்பாலும் கல்லீரலில் வந்து தங்குகிறது.

சரீரம் சும்மா இருப்பதில்லை. இளங்கரு பலவீனமானது, எதிர்ப்புப் புரதங்கள் அதைக் கொல்ல முடியும். செம்மறியாடுகளுக்கான ஈஜி95 தடுப்பூசி இந்த உண்மையின்மேல்தான் எழுந்தது. தப்பிய கருவோ தன்னைச் சுற்றி அடுக்கடுக்கான சவ்வைக் கட்டிக்கொள்ளுகிறது. வெள்ளை அணுக்களால் அதைத் துளைக்க இயலாது. சரீரமும் வெளியே நாரினால் ஒரு மதில் எழுப்புகிறது. பகைவனைச் சிறைவைக்கக் கட்டிய அம்மதிலுக்குள்ளேயே அவன் பல ஆண்டுகள் சுகமாய் வாழ்கிறான்! போதாததற்கு, புழு சுரக்கும் பொருட்கள் வெள்ளை அணுக்களின் வேகத்தையும் தணிக்கின்றன. ஆகவே நோயாளிக்கு வலியோ காய்ச்சலோ தெரிவதில்லை. வயிறு மட்டும் மெல்லப் பெருக்கிறது.

கட்டி உடைந்தால் ஆபத்து. இத்தனை காலம் ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருள் சரீரத்தில் சேர்ந்திருக்கிறது. நீர் கசிந்ததும் அது ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு, இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு அடைத்து, சில நிமிடங்களில் உயிரே போகலாம். இங்கே கொல்லுவது புழுவல்ல, நம்முடைய எதிர்ப்புச் சக்தியே. சிந்திய நீரிலுள்ள மணல் போன்ற துகள்கள் புதிய கட்டிகளாகவும் முளைக்கும். இதனால்தான் வைத்தியர்கள் முதலில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, அறுவையின்போது உப்புநீரில் நனைத்த துணிகளைச் சுற்றிலும் வைக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பமுடியாது. உடையாத கட்டி எதையும் கசியவிடாததால் சிலருடைய இரத்தத்தில் எதிர்ப்பொருளே தென்படாது. துர்க்கானாவில் ஸ்கேன் கருவியைக் கிராமங்களுக்கே கொண்டுபோனது அதனால்தான். ஸ்கேனில் சில கட்டிகள் சுண்ணாம்பு படிந்து, செத்துக் கிடப்பதும் தெரிகிறது. சரீரம் தானே வென்ற இடங்கள் அவை. அப்படிப்பட்டவருக்குக் கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அவ்வப்போது ஸ்கேன் பார்த்து வந்தால் போதும்.