முதல் ஊசிக்கு முன்

பால்மரங்களை அகற்றிவிட்டுச் செம்பனை நட்டபோதும், தோட்ட நிலங்கள் வீட்டுமனைகளாகக் கைமாறியபோதும், லயங்களில் பிறந்து வளர்ந்த வாலிபர் பலர் வேலை நாடி நகரங்களுக்குச் சென்றனர். வேலையும் தங்க இடமும் கிட்டியவர்கள் பிழைத்துக்கொண்டனர். கிட்டாதவர்களுள் சிலர், கோலாலம்பூர் சௌகிட் வட்டாரம் போன்ற இடங்களில் கடைத் தாழ்வாரங்களில் உறங்க நேர்ந்தது. அத்தகையோரைப் போதை ஊசி எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதல் ஊசியைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்வோர் மிகச் சிலரே. முன்பே பழகிய ஒருவர்தாம் பெரும்பாலும் போட்டுவிடுகிறார். அவர் போதைப்பொருள் விற்கும் கயவன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், அவர் பெரும்பாலும் உடன் படுத்துறங்கும் நண்பரே, உணவைப் பகிர்ந்துகொண்டவரே. ஹெராயினைப் புகைத்தால் ஒரு பகுதி புகையாய் வீணாகிறது, ஊசியென்றால் சிறிதளவே போதும் என்ற கணக்கு அங்கே பேசப்படுகிறது. கையில் காசில்லாத வாலிபனுக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால், உடல் விரைவில் பழகி அதிகம் கேட்கத் தொடங்கும்போது அக்கணக்கு பொய்த்துவிடுகிறது.

ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி. கிருமியும் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் பரவுகின்றன. மலேசியாவில் 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஊசிவழிப் போதைக்கு ஆளானவர்கள். பின்னர் 2005இல் வாய்வழி அருந்தும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையும், 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. அதன்பின் ஊசிவழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று நம் நாட்டில் சியாபு எனும் போதைப்பொருளே மிகுதியாகப் புழங்குகிறது. எனினும் ஹெராயின் ஊசி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுகளில் கையாண்ட ஒரு வழி கருத்திற்கொள்ளத்தக்கது. அங்கே ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்பவர்களிடமே பேசினர். புதியவர் கண்முன் ஊசி போடாதீர். அதன் சுகத்தைப் பேசாதீர். போட்டுவிடும்படி எவரேனும் கெஞ்சினால் மறுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டனர். பிறரை இப்பழக்கத்தில் இறக்குவதை அவர்களுள் பலர் தாமே வெறுத்தனர் என்பதும் தெரியவந்தது. துண்டுத்தாள்களிலும் சுவரொட்டிகளிலும் நாம் அச்சிடும் மண்டையோட்டுப் படங்களைவிட இம்முறை பயனுள்ளது என்றே தோன்றுகிறது.

தோட்டத்துக் குடும்பங்கள் செய்யக்கூடியது யாது? மகன் நகருக்குப் புறப்படுமுன், முதல் மாதம் எவர் வீட்டில் தங்குவான் என்பதை முடிவு செய்துவிடுங்கள். சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தனுப்புங்கள். தந்தையோடு பிணங்கி வெளியேறியவனாயினும், தாயோ அண்ணனோ அவனுடன் பேச்சை முறித்துக்கொள்ளலாகாது. அவன் புகைக்கிறான் என்று அறிந்தவுடன் வீட்டைவிட்டுத் துரத்துவது, ஊசி போடுபவர்களிடம் அவனை நாமே ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். புகைக்கும் கட்டத்திலேயே அரசாங்க சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லலாம். தாமே முன்வந்து சிகிச்சை கோருவதற்கு 1983ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டம் இடமளிக்கிறது.

பிள்ளை தெருவில் உறங்குகிறான் என்று கேள்விப்பட்டால் 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சமூகநல உதவியை நாடலாம். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.