எப்படி இயங்குகிறது? அழகான மானிட்டரில் கறுப்பு ஏன் சாம்பலாகிறது

கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறித்த மானிட்டர், வீட்டுக்கு வந்து இரவில் விளக்கை அணைத்துப் படம் போட்டதும் ஏமாற்றிவிடுகிறது. இருட்டுக் காட்சி சாம்பல் பூத்து நிற்கிறது. கீழ் மூலையில் மஞ்சளாக வெளிச்சத் திட்டு. வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடுகிறது. விலையோ கொஞ்சமில்லை. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பினால், அதே மாடலில் அடுத்து வருவதும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏனென்றால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை வடிவமைப்பாளரின் மேசையிலேயே முடிவானவை.

காரணத்தைப் புரிந்துகொள்ள இட்லிக் கொப்பரை போதும். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. தட்டின் துளைகள் வழியாக ஆவி மேலேறுகிறது. ஒவ்வொரு துளைக்கும் குட்டியாக ஒரு மூடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு ஆவி வெளியே வரும். எல்சிடி மானிட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. அடுப்பு என்பது பின்னால் எரியும் எல்இடி விளக்கு. ஆவி என்பது அதன் வெளிச்சம். மூடி என்பது திரவப் படிகம்: 1888-இல் ஃப்ரீட்ரிச் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கொலஸ்டிராலிலிருந்து வந்த சேர்மம் ஒன்றை உருக்கியபோது, அது இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகுவதைப் பார்த்துத் திகைத்தாரே, அந்தக் குடும்பத்துப் பொருள். மின்னழுத்தம் கொடுத்தால் இதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு துருவமாக்கித் தாள்களுக்கு நடுவே இவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்து வெளிச்சம் கடந்துபோகும், அல்லது தடுக்கப்படும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மூடிகள். முதல் துருவமாக்கித் தாளிலேயே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. நிற வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குகின்றன. கடைசியில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது, விளக்கு கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் பெரிது. அதனால்தான் அடுப்பு பலமாக எரிய வேண்டியிருக்கிறது.

இங்கேதான் முதல் ஏமாற்றத்தின் வேர் இருக்கிறது. திரை கறுப்பைக் காட்டும்போதும் அடுப்பு அணைவதில்லை. மூடிகள் மட்டுமே மூடுகின்றன, அடியில் ஆவி முட்டிக்கொண்டே இருக்கிறது. எந்த மூடியும் முழுக்க இறுக்கமானதில்லை. ஐபிஎஸ் வகைத் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1000-க்கு 1. வெள்ளையின் ஒளிர்வு 600 நிட்ஸ் (ஒளிர்வை அளக்கும் அலகு) என்றால், கறுப்பு என்று நாம் நம்பும் இடத்திலும் 0.6 நிட்ஸ் வெளிச்சம் கசிகிறது. பகலில் அது தெரியாது. இருட்டறையில் கண்ணை உறுத்தும். விஏ வகையில் மூடி இன்னும் இறுக்கம், 3000-க்கு 1 எளிதாக வரும். ஆனால் இறுக்கமான மூடியைத் திறக்க நேரமாகிறது. கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறும்போது விஏ திரை தடுமாறி, நகரும் உருவத்தின் பின்னால் மை இழுத்ததுபோல் கறை விடுகிறது.

அழகுக்கும் திறனுக்கும் உள்ள இடைவெளிக்கு 2022 மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட ஸ்டுடியோ டிஸ்ப்ளே நல்ல சான்று. 27 அங்குலம், 5120 பெருக்கல் 2880 பிக்சல், அலுமினிய உடல், 1,599 டாலர். எழுத்தின் கூர்மையில் அதை மிஞ்ச அப்போது அதிகம் பேர் இல்லை. அந்தப் பாராட்டு அதற்கு உரியதே. ஆனால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பிக்சல்களின் அடியில், இருட்டான பகுதிக்கு மட்டும் தீயைக் குறைக்கும் வசதி இல்லாத, மொத்தமாக எரியும் ஒரே பின்விளக்கு. அதே நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே 1,099 டாலரில் தொடங்கிய 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில், திரைக்குப் பின்னால் 2,500-க்கும் மேற்பட்ட தனித்தனி மண்டலங்களை வைத்திருந்தது. அதாவது அடுப்பையே பிரித்து, எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே மட்டும் தீயை இறக்கும் ஏற்பாடு. மேசையில் நிற்கும் பெரிய திரைக்கு அது கிடைக்கவில்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி வேண்டுமென்றால் கூடுதலாக 400 டாலர் கேட்டார்கள். கழுத்து வலிக்காமல் உட்காருவது அடிப்படைத் தேவை; அதை ஆடம்பரமாக்கி விற்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதில்லை.

இனி அந்த மஞ்சள் திட்டு. நல்ல கொப்பரைக்கு ஆழம் வேண்டும். தண்ணீருக்கும் தட்டுக்கும் நடுவே இடம் இருந்தால்தான் ஆவி பரவி எல்லா இட்லியும் ஒரே பதத்தில் வேகும். வடிவமைப்பாளர் கொப்பரையைத் தாம்பாளம்போல மெலிதாக்கச் சொன்னால் அடுப்பை எங்கே வைப்பது? விளிம்பில்தான். மெலிந்த மானிட்டர்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. எல்இடிகள் ஓரத்தில் வரிசையாக நிற்க, அவற்றின் வெளிச்சம் அக்ரிலிக் போன்ற தெளிவான பலகை ஒன்றின் உள்ளே பக்கவாட்டில் பாய்கிறது. பலகையின் பின்புறம் நுண்புள்ளிகள். விளக்குக்கு அருகே இடைவெளிவிட்டு, தள்ளிப் போகப் போக நெருக்கமாக. புள்ளியில் பட்ட வெளிச்சம் திரும்பி முன்னால் வருகிறது. பக்கத்து ஆவி வீணாகாமல், தூரத்து இட்லிக்கும் பங்கு கிடைக்கச் செய்யும் கணக்கு இது. உண்மையிலேயே மெச்ச வேண்டிய பொறியியல்.

ஆனால் அந்தக் கணக்குக்கு இம்மியளவு பிசகும் ஆகாது. மெலிந்த சட்டம் லேசாக வளைந்தாலும், மூலையில் ஏதாவது கூடுதலாக இறுகிப் பலகையையோ கண்ணாடியையோ நெருக்கினாலும், அந்த இடத்தில் வெளிச்சம் கசியும். தடித்த உடலும் அகலமான சட்டமும் இருந்த நாளில் இந்த அழுத்தத்தைத் தாங்க இடமிருந்தது. இப்போது சட்டத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கிவிட்டார்கள்.

வேகம் பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘1 மில்லி நொடி’யைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வினாடிக்கு 60 முறை படம் மாறும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. 144 முறை என்றால் 6.9. இதற்குள் மூடி நகர்ந்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் பழைய படத்தின் நிழல் புதியதில் ஒட்டும். மூடியை விரைவுபடுத்தத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து உந்துவார்கள்; ஓவர்டிரைவ் என்று அமைப்புப் பட்டியலில் இருப்பது அதுதான். அளவோடு உந்தினால் நல்லது. அதிகமாக உந்தினால் மூடி வேண்டிய இடத்தைத் தாண்டித் திறந்து, பிறகு திரும்பி வரும். நிழலுக்குப் பதில் வெளிறிய ஓரம் தெரியும். விளம்பரத்தின் 1 மில்லி நொடி பெரும்பாலும் அந்த உச்ச உந்தலில், மிகச் சாதகமான நிற மாற்றத்தில் எடுத்த எண். யாரும் அந்த அமைப்பை நாள்முழுக்க வைத்துப் பார்க்க விரும்பமாட்டார்கள்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதாகச் சொல்லும் ‘எச்டிஆர்’ முத்திரையும் அப்படியே. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் தரவரிசையைக் கொண்டுவந்தபோது, அடிப்படைப் படியான 400-க்கு உச்ச ஒளிர்வு 400 நிட்ஸ் கேட்டது. மண்டலவாரியாக விளக்கைத் தணிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கசியும் மூடியை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை மட்டும் கூட்டினால் வெள்ளை பளிச்சிடும், கறுப்பும் சேர்ந்து வெளுக்கும். ஓஎல்இடி திரைதான் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது: ஒவ்வொரு துளைக்கும் தனி அடுப்பு, வேண்டாதபோது அணைத்துவிடலாம். ஆனால் அங்கே பல மணிநேரம் அசையாமல் நிற்கும் பட்டியல்களும் பட்டைகளும் காலப்போக்கில் தடம் விடும் ஆபத்து உண்டு.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் விளம்பர வீடியோவை நிறுத்தச் சொல்லி, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் போட்டுப் பார்க்கலாம். முடிந்தால் அந்தப் பக்க விளக்கை அணைக்கச் சொல்லலாம். பின்விளக்கு ஓரத்தில் இருக்கிறதா, திரை முழுதும் பரவி இருக்கிறதா, எத்தனை மண்டலங்கள் என்பதைக் கேட்க வேண்டும்; ‘எச்டிஆர் இருக்கிறது’ என்பது இதற்குப் பதிலாகாது. பகல் வெளிச்சத்தில் கணக்கும் கடிதமும் பார்ப்பவருக்கு மண்டலங்கள் தேவையில்லை. சாதாரண ஐபிஎஸ் திரை தாராளமாகப் போதும். அவர் மிச்சமாகும் பணத்தை நெருக்கமான பிக்சலிலும் உயரம் மாற்றும் தாங்கியிலும் போடட்டும். இருட்டில் படம் பார்ப்பவரும் விளையாடுபவரும் மட்டும் அடுப்பைப் பற்றிக் கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.