எண்ணா? எழுத்தா?

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றுவர ஆகும் செலவைக் கணக்கிடப் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதியுள்ளோம் எனக் கொள்வோம். தொடர்வண்டிக் கட்டணம் 450 ரூபாய். வழியில் உணவுக்கு 120 ரூபாய். இத்தொகைகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், கட்டணம் மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்த நேரிடும். ஆகவே, நிரலை இயக்கும் கட்டளை வரியில், நிரலின் பெயரை அடுத்து, 450, 120 ஆகிய இரண்டையும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்கிறோம். இவற்றைக் கட்டளை வரிச் செயலுருபுகள் என்பர்.

பைத்தான் இவற்றைச் ‘சிஸ்’ என்னும் தொகுதியிலுள்ள ‘ஆர்க்வி’ என்னும் பட்டியலில் வரிசையாக வைக்கிறது. அங்கே இடங்களின் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். அவ்விடத்தில் நிரலின் பெயர் இருக்கும். 450 முதலாம் இடத்திலும் 120 இரண்டாம் இடத்திலும் இருக்கும்.

இனி அவ்விரண்டையும் கூட்டச் சொல்வோம். விடை 570 அன்று, 450120! நான்கு இலட்சத்து ஐம்பதாயிரத்து நூற்று இருபது ரூபாய் செலவழித்து ஊருக்குப் போவார் யார்?

கட்டளை வரி வழியே வருவன யாவும் சரங்கள், அதாவது எழுத்துக்கோவைகள். 450 என்பதும் பைத்தானுக்கு 4, 5, 0 என்னும் மூன்று எழுத்துகளே. இரு சரங்களுக்கிடையே கூட்டல் குறி வந்தால், அது ஒன்றன்பின் ஒன்றை ஒட்டிவைக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள இடர்.

நிரலுக்குள் எண்ணாகவே எழுதப்பட்ட 50ஐ அச்சரத்தோடு கூட்ட முயன்றால் நிலைமை வேறு. எண்ணையும் எழுத்தையும் கூட்ட இயலாது எனப் பைத்தான் நின்றுவிடும். ‘டைப் எரர்’ என்னும் வகைப்பிழையைக் காட்டும். தவறான விடையைத் தருவதினும் இவ்வாறு நின்றுவிடுவது நன்று.

‘இன்ட்’ என்னும் செயற்கூறு சரத்தை முழு எண்ணாக மாற்றித் தரும். இரண்டு சரங்களையும் அதன்வழி மாற்றியபின் கூட்டினால் 570 கிடைக்கும். ‘நானூறு’ எனச் சொல்லால் எழுதித் தந்தால், அது ‘வேல்யூ எரர்’ என்னும் மதிப்புப்பிழையைக் காட்டும். ஆயினும் ‘௪௫௦’ எனத் தமிழ் இலக்கங்களில் தந்தால் தயங்காமல் 450 என ஏற்கும்! பத்தைக் குறிக்கும் ‘௰’ என்னும் பழைய தனிக்குறியை மட்டும் ஏற்பதில்லை. அது சுழியம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களுள் ஒன்றன்று. பத்தை ‘௧௦’ என்றே தருதல் வேண்டும்.