கத்தரிச் செடியில் கொம்புத் தத்தி

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளின் மலைச்சரிவுகளிலும், தேயிலைத் தோட்டங்களில் லயன்களை அடுத்த காணிகளிலும் கத்தரி பயிரிடுவோர், இளந்தண்டுகளில் முட்களைப் போல அசையாது அமர்ந்திருக்கும் சிறு பூச்சிகளைக் காணலாம். கையை அருகே கொண்டு சென்றால் அந்த 'முள்' மெல்ல நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளியும். மேலும் நெருங்கினால் துள்ளிப் பறந்துவிடும். அதுவே கொம்புத் தத்தி.

இது மரத்தத்திக் குடும்பத்தில் லெப்டோசென்ட்ரஸ் என்னும் பூச்சிச் சாதியைச் சேர்ந்தது. ஆசியா, ஆபிரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்ப நாடுகளில் இச்சாதி வாழ்கின்றது. கத்தரியில் காணப்படும் இனத்துக்கு 1775ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் பாப்ரீசியஸ், 'காளை' எனப் பொருள்படும் 'டோரஸ்' என்ற பெயரை இட்டார். பெயர் பொருத்தமானதே. கருங்கபில நிறமும் ஒரு நெல்மணியின் நீளத்துக்கு மேற்படாத உடலும் கொண்ட இப்பூச்சியின் முதுகோட்டிலிருந்து இரு கொம்புகள் பக்கங்களில் நீண்டிருக்கும். மற்றொரு நீண்ட முள் இறக்கைகளின்மேல் பின்னோக்கி வளைந்திருக்கும்.

பெண் தத்தி இளந்தண்டைக் கீறி, அதனுள் முட்டையிடும். வெளிவரும் குஞ்சுகள் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சி, ஐந்து முறை தோலுரித்து வளர்ச்சியடையும். அவை வெளியிடும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அதற்குக் கைம்மாறாகக் குஞ்சுகளைப் பகைப்பூச்சிகளினின்றும் காக்கும். ஆகவே, தண்டில் எறும்புகள் ஓரிடத்தில் மொய்த்திருப்பின் அங்கே தத்தி உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

தோற்றம் அச்சமூட்டினும் இதனால் விளையும் சேதம் பொதுவாகச் சிறிதே. கத்தரியின் பெரும்பகைவன் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவாகும். நுனிக்குருத்து வாடித் தொங்குவதும், காயில் துளை காணப்படுவதும் அப்புழுவின் வேலையே. கொம்புத் தத்தியைக் கண்டவுடன் நஞ்சு தெளிப்பவர் பணத்தை இழப்பதோடு, தமக்கு உதவும் சிலந்தி, பொறிவண்டு, குளவி ஆகியவற்றையும் அழிக்கின்றார்.

பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மரக்கறியும் ஒரே வயலில் விளைவிப்போர் இன்னொன்றையும் அறிதல் நன்று. நெற்பயிரின் அடித்தண்டில் நீர்மட்டத்தை ஒட்டிக் கூடும் கபிலநிறத் தத்தி வேறு பூச்சி, அதற்குக் கொம்பில்லை. அது வட்டம் வட்டமாகப் பயிரைக் கருகச் செய்யும். நஞ்சினால் சிலந்திகள் மடிந்தபின் அத்தத்தி பன்மடங்கு பெருகியமையால், இந்தோனேசிய அரசு 1986இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்வயலில் தடைசெய்தது. அப்படிப்பினை கத்தரித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை எளியவை. வாரம் இருமுறை செடிகளைப் பார்வையிடுக. குஞ்சுகள் கூடிய தண்டைக் காலை வேளையில் சவர்க்கார நீருள்ள பாத்திரத்தின்மேல் வளைத்துத் தட்டுக. முட்டையிட்ட கீறல்கள் நிறைந்த கிளையை வெட்டி எரித்துவிடுக. இவற்றின் பின்னும் பூச்சி பெருகிச் செடி வாடினால் மட்டுமே, பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கிளையைக் காட்டி, அவர் கூறும் மருந்தையும் அளவையும் கையாளுக. பூச்சி இன்னதென அறிந்த பின்னரே மருந்துத் தெளிகருவியைத் தோளில் ஏற்றுதல் முறையாகும்.