லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு இரு பெண்கள்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

உங்கள் அட்லஸில் ஆப்பிரிக்காக் கண்டத்தின் படத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே மத்தியதரைக் கடல், கீழே நன்னம்பிக்கை முனை. இவ்விரண்டுக்கும் நடுவே சகாராப் பாலைவனம், பூமத்திய ரேகைக் காடுகள், பெரிய ஆறுகள், புல்வெளிகள். இவ்வளவையும் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பெண்கள் கடந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அவர்கள் பெயர் தெரசா வாலக், ஃபுளாரன்ஸ் பிளெங்கிரன். 1934 டிசம்பர் 11ஆம் நாள் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1935 ஜூலை 29ஆம் நாள் கேப்டவுன் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஏழரை மாதப் பயணம்!

இவர்களைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, அப்பாவும் நானும் வரும்போது ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட்டது. அன்று அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருந்தது. என் வயதேயான மெக்கானிக் கடைப் பையன் ஒருவன் வந்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஐந்தே நிமிடம், வண்டி கிளம்பிவிட்டது. இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் எனக்கு அந்தப் பிளக் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. “எனக்கும் சொல்லித் தாருங்கள் அப்பா” என்றேன். “உனக்கு எதற்கம்மா இந்தக் கரி வேலை?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் மனத்தில் தைத்துவிட்டது.

இனி நம் கதாநாயகிகளிடம் வருவோம். இவர்கள் ஏதோ ஆசைப்பட்டுத் திடீரென்று கிளம்பியவர்கள் அல்லர். தெரசா 1928இல் உதவித் தொகை பெற்று லண்டனில் பொறியியல் படித்தவர். ஃபுளாரன்ஸ் 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று வந்த முதல் பெண்மணி.

அவர்கள் ஓட்டியது யார்க்ஷயரில் ஃபெலன் அண்டு மூர் தொழிற்சாலை செய்த ‘பாந்தர்’ என்னும் வண்டி. 600 சி.சி. கொள்ளளவு, ஒரே சிலிண்டர். அந்தச் சிலிண்டர் முன்பக்கம் சாய்ந்து, வண்டிச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கும். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில் உறுப்புகள் குறைவு. ஆகவே பழுது பார்ப்பது எளிது. வேகம் குறைவாக இருக்கும்போதும் பாரத்தை நன்றாக இழுக்கும். பக்கத்தில் சைடு கார், பின்னால் சாமான்கள் ஏற்றிய டிரெய்லர். இத்தனையையும் அந்த ஒரே சிலிண்டர் இழுத்தது.

பிரான்சைக் கடந்து, கப்பலேறி அல்ஜியர்ஸில் இறங்கினார்கள். அங்கிருந்து தெற்கே சகாரா. அதன் பரப்பு சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர். குளிர்காலமே அதைக் கடக்க ஏற்ற காலம். டிசம்பரில் புறப்பட்டதன் பொருத்தம் இப்போது புரிகிறதல்லவா?

மணலில் வண்டி ஓட்டுவது ஏன் கடினம்? நாம் அறிவியல் வகுப்பில் படித்ததுதான். எடை சிறிய பரப்பின்மேல் விழுந்தால் அழுத்தம் மிகுதி. மோட்டார் சைக்கிளின் சக்கரம் குறுகியது. ஆகையால் மணலில் புதையும். டயரிலுள்ள காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் அகன்று பரவும், அழுத்தம் குறையும். பாலைவனத்தில் வண்டி ஓட்டுவோர் இன்றும் செய்யும் உபாயம் இது. சைடு காரும் டிரெய்லரும் சேர்ந்துகொண்டால் துன்பம் பல மடங்காகும். புதைந்துவிட்டால் மண்வெட்டியால் தோண்டித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இத்தகைய இயந்திரத்தைக் குளிர்விப்பது எதிர்க்காற்றுதான். மணலில் வண்டி ஊர்கிறது. ஆனால் இயந்திரமோ முழு மூச்சுடன் உழைக்கிறது. காற்று போதாமல் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் எண்ணெய் நீர்த்துப்போகிறது. எண்ணெய் நீர்த்தால் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. இவர்கள் வண்டியும் சகாராவின் தென்பகுதியில் கெட்டது. இன்றைய நைஜர் நாட்டிலுள்ள அகாதெஸ் என்னும் ஊரில், இயந்திரத்தையே முழுவதும் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டி வந்தது. அந்தப் பாலைவன ஊரில் இவர்களைக் காப்பாற்றியது வெறும் தைரியமா? இல்லை, கற்ற கல்வியும் பழகிய கையும்தான்.

அடுத்து, எல்லைகள். அக்காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியை ஐரோப்பியர்கள் பங்கிட்டு ஆண்டார்கள். அல்ஜீரியாவும் நைஜரும் பிரெஞ்சுக்காரரிடம், நைஜீரியா ஆங்கிலேயரிடம், காங்கோ பெல்ஜியத்திடம், உகாண்டா, கென்யா, தங்கனீக்கா, இரு ரொடீசியாக்கள் மீண்டும் ஆங்கிலேயரிடம். ஆட்சி மாறினால் மொழி மாறும், நாணயம் மாறும், சாலையில் செல்லும் பக்கம்கூட மாறும்! பிரெஞ்சு, பெல்ஜியப் பகுதிகளில் வலப்பக்கம். அன்றைய ஆங்கிலேயர் பகுதிகளில் இடப்பக்கம். இன்று அவையெல்லாம் சுதந்திர நாடுகள். தங்கனீக்கா தான்சானியாவில் சேர்ந்துவிட்டது. வட ரொடீசியா ஜாம்பியா என்றும், தென் ரொடீசியா ஜிம்பாப்வே என்றும் பெயர் பெற்றுள்ளன.

ஒரு நாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோனால் சுங்கத்தீர்வை கட்ட வேண்டாமா? அதற்கு ‘கார்னே’ என்னும் சுங்கப் புத்தகம் உண்டு. நம் நாட்டு மோட்டார் சங்கத்தில் ஜாமீன் கட்டி இதை வாங்க வேண்டும். எல்லையில் நுழையும்போது ஒரு சீட்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது மற்றொன்று. மீதியுள்ள அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் இருந்தால், வண்டியை அந்நாட்டில் விற்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. முத்திரை ஒன்று விடுபட்டாலும் ஜாமீன் பணத்துக்கு மோசம் வரும். இன்றும் பல நாடுகளில் இம்முறை இருக்கிறது.

பாலைவனத்துக்குத் தெற்கே காடும் செம்மண் சேறும். மழை பெய்தால் செம்மண் பாதை வழுக்கும். காய்ந்தால் வண்டித் தடங்கள் கல்லாக இறுகும். தங்கனீக்காவில் ஒரு வேடிக்கையான விபத்து. பல நாட்களாக வேறு காரையே காணாத பாதையில் எதிரே வந்த ஒரே காருடன் நேருக்கு நேர் மோதிவிட்டார்கள்! ஆயினும் பயணம் நிற்கவில்லை. கேப்டவுன் வந்தே சேர்ந்தது.

தெரசா பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் பணி புரிந்தார். பிறகு அமெரிக்கா சென்று குடியேறி, பலருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1999இல் தமது 90ஆம் வயதில் காலமானார்.

தோழியரே, ‘பெண்களால் முடியுமா?’ என்று பட்டிமன்றம் நடத்தும்போதெல்லாம் நாம் தைரியத்தைப் பற்றியே பேசுகிறோம். துணிந்து புறப்படுவது பாதிதான். வண்டி நின்ற இடத்தில் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது மற்றப் பாதி. தைரியத்தை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ‘இந்த வேலை உனக்கு எதற்கு?’ என்று கற்றுக்கொடுக்காமல் விட்டாலே போதும், அது தானாகக் குறைந்துவிடும்.

இக்கட்டுரையை முதலில் அப்பாவிடம்தான் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பானரை என் கையில் கொடுத்து, “பிளக்கைக் கழற்று பார்க்கலாம்” என்றார். மூன்று முறை தவறி, நான்காம் முறை கழற்றினேன். பாவாடையெல்லாம் கரி. அம்மா கோபித்துக்கொண்டார்கள். ஆனால் நான் மாட்டிய பிளக்கில் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும், அவர்களும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.